பதினாலு டம்ளர்

சார்ஜாவில், ரோலா பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி ரூமில் எனக்கு ஒரு ஓட்டு இருந்தது. அந்த ரூமை விட்டு நான் வந்து ஏழு வருஷம் ஆகிறது. விசாவை முடித்து, பெட்டி கட்டி, சங்கரன்கோவிலுக்கு வந்து, கழுகுமலை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்த ரூமில் மீனா கோழியா என்று முடிவு செய்ய என் சம்மதமும் வேண்டியிருந்தது. போன தை மாதத்தில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று போட்டேன். நான் அதைச் சாப்பிடப் போவதில்லைதான். அதற்காக ஒரு ரூம் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

என் மனைவி பிரேமலதா இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு அந்த ரூமைத் தெரியாது.

நான் இரண்டாயிரத்து ஒன்றில் அங்கே போனேன். அடுக்குக் கட்டிலில் ஏழு பேர், ஒரு பாத்ரூம், தகரமும் பலகையும் வைத்து அடைத்த ஒரு பால்கனி. ஏசி ஓடினால் பஸ் போகிற மாதிரி சத்தம் கேட்கும். ஓடாவிட்டால் நாங்கள் கத்துவோம். வேலை முடிந்து வந்து வரிசையாகக் குளித்துவிட்டு உட்கார்ந்தால், கடையநல்லூர் பீர் மைதீன் பால் சேர்க்காத சுலைமானி டீ போடுவார். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு அந்தத் தோலைக் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொள்வார். அதுதான் அவருக்கு அத்தர். யாருக்காவது ஊரிலிருந்து போன் வந்தால் மற்ற ஆறு பேரும் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, காதை மட்டும் போன் பக்கம் வைத்துக்கொள்வோம். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஏழு பேருக்கும் கேசரி. இன்றைக்கு எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, எனக்கென்று தனிக் குளியலறை இருக்கிறது. அங்கே சிரித்த மாதிரி ஒரு நாள்கூட இங்கே சிரித்ததில்லை. இதை வெளியே சொன்னால் அடி விழும். இருந்தாலும் உண்மை அதுதான்.

டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் லீவு முடிந்து திரும்பும்போது, இங்கே பாத்திரக்கடையில் ஒரே மாதிரி ஏழு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, ஏழு பேர் பெயரையும் வெட்டிக் கொண்டுபோனேன். அதுவரை யார் டம்ளரில் யார் குடித்தது என்று தினமும் சண்டை. என் பெயர் உச்சிமாகாளி. பெயர் வெட்டுகிற ஆள் ஒரு சுற்றுச் சுற்றி முதல் எழுத்துக்கே வந்து இடித்துக்கொண்டார். கதவுக்கு எதிரே ஒரு பலகை அடித்து டம்ளர்களை வரிசையாக வைத்தோம்.

ஓட்டுப் போடும் யோசனை பீர் மைதீனுடையது. அவர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது, ஏசிக்கு நேரே இருந்த அவர் கட்டிலை நாங்கள் எங்களுக்குள் பேசி இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டோம். புது மாப்பிள்ளையாகத் திரும்பி வந்த மனிதர் கதவோரக் கட்டிலைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"ஆளு இங்கன இல்லேன்னா அவன் அபிப்பிராயமும் இல்லாமப் போயிருமாவே? நான் என்ன மௌத்தாயிட்டேனா?" என்று கேட்டார்.

அன்றைக்கே சட்டம் போட்டார். எதுவாக இருந்தாலும் பலகைக்கு வரவேண்டும். சரி என்றால் டம்ளரை நிமிர்த்தி வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் கவிழ்த்து வைக்க வேண்டும். லீவில் ஊருக்குப் போனவனுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவன் டம்ளரையும் அவன் சொல்கிறபடி வைக்க வேண்டும். டம்ளர் பலகையில் இருக்கிறவரை ஓட்டு உண்டு. யாரைப் பற்றிய பேச்சோ அந்த ஆள் மட்டும் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். விசிட் விசாவில் வந்து தரையில் படுக்கிறவர்களுக்கு டம்ளர் கிடையாது. அவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள்.

எத்தனையோ பலகை பார்த்தோம். புது டிவி வாங்கினது, குறட்டை விடுகிறவரை மேல்கட்டிலுக்கு அனுப்பினது, கொல்லத்துக்காரரைக் குடியை விடச் சொன்னது எல்லாம் பலகையில் வந்த முடிவுதான். இரண்டாயிரத்து எட்டில் என் விஷயமே வந்தது. விசாவைப் புதுப்பித்து இருப்பதா, ஊருக்கே போய்விடுவதா என்று எனக்கு ஒரே குழப்பம். பிரேமலதா வரச்சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நானே பலகையில் வைக்கச் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பார்த்தால், ஆறு டம்ளரும் நிமிர்ந்து நிற்கின்றன. இருக்கச் சொல்லிவிட்டார்கள். நம் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் பத்து வருஷம் இருந்தேன்.

பிறகு ஒவ்வொருத்தராகக் கிளம்பினோம். கிளம்பினவன் டம்ளரைப் பலகையிலிருந்து எடுக்க யாருக்கும் மனது வரவில்லை. புதிதாக வந்தவர்களுக்குப் புது டம்ளர் சேர்ந்தது. இப்போது பலகையில் பதினாலு. ஏழு டம்ளர் அங்கே இருப்பவர்களுடையது. ஏழு, எங்களைப் போல முடித்து வந்தவர்களுடையது. வாட்ஸ்அப் குரூப்புக்குப் பெயரே பதினாலு டம்ளர்தான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன் ராஜதுரை இப்போது அங்கே மூத்தவன். விஷயத்தைக் குரூப்பில் போடுவான், நாங்கள் சொல்கிறபடி எங்கள் டம்ளரை வைத்துப் படம் எடுத்து அனுப்புவான்.

என் மகன் லிங்கேஷ் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ரூமுக்குப் போனான். ஜன்னலோரம் இருந்த என் கட்டில்தான் அவனுக்கும். போய் இறங்கியதும் பலகையைப் படம் எடுத்து அனுப்பினான். என் டம்ளருக்குப் பக்கத்தில் அவன் டம்ளர். அந்தப் படத்தைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

போன மாசியில் ஒரு புதன்கிழமை, விசைத்தறி மோட்டார் ஒன்றுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தபோது ராஜதுரையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, லிங்கேஷுக்கு அம்மை போட்டிருக்கு."

சின்ன வயதில் தெருவே அம்மையில் கிடந்தபோதும் அவனுக்கு வரவில்லை. இருபத்து மூன்று வயதில் வந்திருக்கிறது. டாக்டர் பத்து நாள் ரூமை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"சரிலே, இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி வைக்காதீங்க, தாளிக்காதீங்க. அங்கன ரோட்டோரம் வேப்பமரம் நிக்குமே, ரெண்டு கொத்து ஒடிச்சிப் போடு."

"அதில்ல அண்ணாச்சி..." என்று இழுத்தான்.

"என்னலே?"

"நாலு பேரு வேண்டாங்காங்க. ஒருத்தன் ஓட்டல் கிச்சன்ல நிக்கான், அவனுக்கு ஒட்டிக்கிட்டா வேலைய விட்டே தூக்கிருவான். இன்னொருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பலகைக்குக் கொண்டு வாங்கன்னு நிக்காங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி வச்சிருவோம்னு சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்னு வந்திட்டா எம்மவன் எங்கனலே போவான்?"

பதில் எனக்கே தெரியும். உடம்பெல்லாம் முத்துப் போட்டவனை வேறெந்த ரூமிலும் சேர்க்க மாட்டார்கள். விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். காய்ச்சலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோலா பஸ் ஸ்டாப்பில் அவன் நிற்பது மாதிரி என் கண்ணுக்குள்ளே வந்து நின்றது. வார்னிஷ் டப்பாவைத் தட்டிவிட்டேன். தரையெல்லாம் ஓடியது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பிரேமலதா முகத்தைக் கழுவிவிட்டுக் கோவிலுக்குப் போனாள். கோமதி அம்மன் சந்நிதியில் விழுந்து கும்பிட்டு, கொஞ்சம் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். சார்ஜாவுக்கு அதை எப்படி அனுப்புவது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுத்தான். வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்தேன். லிங்கேஷுக்கு ஓட்டு இல்லை, அவன் படிக்கட்டு. அங்கே மீதி ஆறு பேர். நாலு கவிழ்ப்பு, இரண்டு நிமிர்ப்பு. இங்கே எங்கள் ஏழையும் நிமிர்த்திவிட்டால் ஒன்பதுக்கு நாலு. முதல் போன் பீர் மைதீனுக்கு.

"இதுக்குப் போயி கேக்கீராவே? உம்ம மவன் எம்மவன். என் டம்ளர நிமித்தி வச்சி அது மேல இன்னொரு டம்ளரயும் வைக்கச் சொல்லும்" என்றார்.

கொல்லத்துக்காரர் நான் கேட்டு முடிப்பதற்குள் நிமிர்த்தச் சொன்னார். எங்களோடு இருந்த இளையரசனேந்தல் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சரி என்றார்கள். மதியத்துக்குள் ஏழும் வந்துவிட்டது. வெயிலில் அலைந்தவன் மாதிரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். லிங்கேஷை வீடியோவில் கூப்பிட்டோம். கன்னம், நெற்றி, உதடு எல்லாம் முத்து. பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதலே. ஒம்பதுக்கு நாலு. நம்ம கையிலதான் இருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்தது போல. "நேத்து பேச்சு வந்தப்ப படிக்கட்டுல உக்காந்திருந்தேன்பா. தில் பாயும் ரெண்டு படி தள்ளி உக்காந்திருந்தாரு."

"அது யாரு?"

"தில்பகதூருப்பா. நேபாளத்துக்காரரு, விசிட்ல வந்து வேலை தேடுதாரு. பால்கனியில மெத்தை போட்டுப் படுத்திருக்காருல்லா. அவருக்கு டம்ளர் கிடையாது, அதான் அவரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் பேசல. அவருக்கும் பயமா இருந்திருக்கும் போல."

போனை வைத்த பிறகு பிரேமலதா என் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஜெயிச்சிட்டா இவன் எங்க படுப்பான்? அந்த நாலு பேரும் கட்டிலுக்குப் பக்கத்துல விட மாட்டாங்களே."

"பால்கனியிலதான். ராஜதுரை சொல்லிட்டான். வேற இடம் ஏது?"

"அங்கதான் அந்த நேபாளத்து ஆளு இருக்காருங்கான்."

"ஆமா. ஓரமா ஒதுங்கிக்கிடுவான்."

"அவருகிட்ட கேட்டாச்சா?"

"அவனுக்கு டம்ளர் கிடையாதுட்டி" என்றேன். சட்டம் தெரியாதவளிடம் பேசுகிற எரிச்சல்.

அவள் மோர்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குந்தான் டம்ளர் இல்ல" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிரேமலதா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"எட்டாம் வருஷம் நீங்க வரணுமா, இருக்கணுமான்னு உங்க ரூம்ல ஓட்டுப் போட்டீங்க. போன்ல எவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்க, ஆறு பேரும் இருக்கச் சொல்லிட்டாங்கன்னு. அந்த மாசம்தான் உங்க அம்மா படுக்கையில விழுந்தாங்க. நாலு வருஷம் தூக்கிக் கழுவுனது நான். லிங்கேஷப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கிட்டே அவங்களத் திருப்பிப் போட்டது நான். உங்க ஆறு டம்ளர்ல ஒருத்தனாவது வந்து ஒரு நாள் அந்தப் பக்கம் பிடிச்சானா? இருக்கச் சொன்னவங்களுக்கு ஒரு சேதமும் இல்ல. சுமந்தவள ஒருத்தரும் கேக்கல."

அவளிடம் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. இத்தனை வருஷம் கழித்தும், இந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. அந்த ஆறு டம்ளரை நினைத்து நினைத்து நான் நெகிழ்ந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

"இப்ப நான் சண்டைக்குச் சொல்லல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் புள்ள அங்க கிடக்கான். நீங்க ஏழு பேரு இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து ஜெயிச்சிருவீங்க. ஜெயிச்சு அவனக் கொண்டு ஒரு மனுஷன் பக்கத்துல போடுவீங்க. அந்த மனுஷன் வெறுத்துப் போயி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, எம்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி யாரு குடுப்பா? உங்க ஓட்டா வந்து குடுக்கும்?"

நான் கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, பிறகு பீர் மைதீன் மேல் வந்தது, பிறகு யார் மேல் என்று தெரியவில்லை. ஒன்பதுக்கு நாலு என்று கையில் இருப்பதை விட மனது வரவில்லை. அந்த நேபாளத்துக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? என் பிள்ளை நடுத்தெருவுக்குப் போவான். நானே போகவைத்தவன் ஆவேன்.

ஆனால் அவள் சொன்னது போகவில்லை. ஒரு வாய் தண்ணி, ஒரு வாய் தண்ணி என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் குரூப்பில் எழுதினேன். ஒற்றை விரலால் தட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "ராஜதுரை, என் டம்ளரைப் பலகையில் இருந்து எடு. பால்கனியில் படுத்திருக்கும் தில்பகதூர் கையில் கொடு. இனி அது அவருடையது. அவர் எப்படி வைக்கிறாரோ அப்படி. அவர் வேண்டாம் என்று சொன்னால் லிங்கேஷை அவர் பக்கத்தில் போடக்கூடாது. எங்கள் ஆட்கள் மற்ற ஆறு பேரும் அந்த மனுஷன் சொல்கிறபடி வைத்தால் சந்தோஷம்."

அனுப்பின அரை நிமிஷத்தில் பீர் மைதீன் கூப்பிட்டார்.

"கிறுக்குப் பிடிச்சிட்டாவே உமக்கு? பெத்த புள்ளையோட தலையெழுத்த யாரோ ஒரு நேபாளத்தான் கையில குடுக்கீரு! அவன் நம்ம ரூம்காரனா? நேத்து வந்தவன்."

"வந்தவனாவது அங்கன இருக்கான் பாய். நாமதான் போயிட்டோமே."

"என் டம்ளர் நிமிந்துதான் நிக்கும். நான் மௌத்தானாலும் அது அங்கனதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். இன்றைக்கு வரை அதில் மாற்றமில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ரூமில் அவருக்கு வாலிபமே போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் வரை நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவர்களுக்கு ஜும்மா முடிகிற நேரம் நமக்கு மூன்று மணி இருக்கும். பிரேமலதா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மூன்றே காலுக்குப் படம் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

பலகையில் பன்னிரண்டு டம்ளர். லிங்கேஷுடையதைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். அங்கே உள்ளவர்களில் நாலு கவிழ்ந்திருந்தன. என் டம்ளரைக் காணவில்லை. நிமிர்ந்தும் இல்லை, கவிழ்ந்தும் இல்லை. அது இருந்த இடம் வெறும் பலகையாக இருந்தது.

உடனே ராஜதுரைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"என்னலே ஆச்சி? என் டம்ளர் எங்கலே?"

"குடுத்தேன் அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே கையில குடுத்தேன். இத நிமித்தி வச்சா அவன் உம்ம பக்கத்துல படுப்பான், கவுத்து வச்சா இல்லன்னு இந்தியில விளக்கிச் சொன்னேன். அவரு டம்ளர திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உங்க பேரத் தடவிப் பாத்தாரு. அப்புறம் பலகைக்கு வராம நேரா குழாய்க்குப் போயிட்டாரு."

"குழாய்க்கா?"

"கழுவித் தண்ணி பிடிச்சிப் படிக்கட்டுக்குக் கொண்டு போனாரு. லிங்கேஷ் அங்கனல்லா உக்காந்திருக்கான். அவன் கழுத்தப் பிடிச்சிக் குடிக்க வச்சாரு. நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கோம். அவருக்கு ஒம்பது வயசுல அம்மை வந்திருச்சாம் அண்ணாச்சி. நெத்தியில தழும்புகூட இருக்கு, நாங்கதான் கவனிக்கல. ஒருக்க வந்தவனுக்கு மறுபடி வராது, அவன் எம்பக்கத்துல படுக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்னாரு. இத முந்தாநாளே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு இல்லையேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'என்னை யாரு கேட்டா?'ன்னாரு."

போனைப் பிரேமலதாவிடம் கொடுத்தேன். அவள் தாளிக்க வேண்டாம், இளநீர் கிடைத்தால் கொடுங்கள், தண்ணீர் ஊற்றும் நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ஊற்றுங்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "அந்தத் தம்பிக்கு எங்க வீட்டுல ஒரு வாய்ச் சோறு உண்டுன்னு சொல்லுங்க, எப்ப வந்தாலும்" என்றாள்.

கவிழ்ந்திருந்த நாலில் மூன்று அன்று மாலையே நிமிர்ந்துவிட்டது. ஓட்டல் கிச்சன்காரன் மட்டும் பத்து நாளைக்கு அவன் மச்சான் ரூமுக்குப் போனான். அவன் பயமும் நியாயம்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லிங்கேஷ் பதினோராம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டான். இப்போது நன்றாக இருக்கிறான். முகத்தில் நாலைந்து தழும்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குரூப்பில் மீனா கோழியா என்று வந்தது. கை தானாகப் போனுக்குப் போய்விட்டது. பிறகு ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். எனக்கு டம்ளர் இல்லை. இருபத்து நாலு வருஷம் ஒரு இடத்தில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் அந்த ரூமை விட்டு நான் உண்மையிலேயே வந்தேன் என்று தோன்றியது. விமானம் ஏறின அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். பழைய கடைதான், இப்போது மகன் பேச்சிராஜ் உட்கார்ந்திருக்கிறான். அடுத்தவர் பெயர் சுற்றியிருக்கிற டம்ளரில் அந்த மனுஷன் எத்தனை நாள் குடிப்பார்? ஒரு டம்ளரை எடுத்துக் கொடுத்து தில்பகதூர் என்று வெட்டச் சொன்னேன். பெயரை மூன்று தடவை கேட்டான். பெயர் வெட்டும் மிஷின் கிர்ரென்று ஓடி முடித்தது. கடையநல்லூரில் ஒருத்தர் மறுநாள் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்துவிட ஏற்பாடு.

"அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றான்.

"இன்னொண்ணு எடு. பிரேமலதான்னு வெட்டு."

வீட்டில் அவள் அடுப்படியில் இருந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மெதுவாகப் பார்த்தாள். ஏதாவது கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். குழாயில் கழுவினாள். அலமாரியில் மற்ற டம்ளர்களைத் தள்ளி, நடுவில் இடம் பண்ணி, அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப என்னத்துக்குட்டி கவுத்து வைக்க? நாம ஒண்ணும் பேசலியே" என்றேன்.

"இப்ப உள்ளதுக்கு இல்ல. எட்டாம் வருஷத்துக்கு" என்றாள் பிரேமலதா.

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் திரும்பி அதை இறக்கினாள். நான் அந்தக் கவிழ்ந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு வருஷம் கழித்து வந்த ஓட்டு. எண்ணினால் ஆறுக்கு ஒன்று, அப்போதும் அவள் தோற்றுத்தான் இருப்பாள். ஆனால் அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் நான் ஊருக்கு வந்திருப்பேன்.